மர்மப் படமும் மாணவர் கைப்பொருளும்

கையடக்கத் தொலைபேசியிலேயே கமரா அமைந்துவிட்டமையால், மாணவர் தாமே திரைப்படம் எடுத்தல் இன்று எளிதாயிற்று. அவருட் பலர் விரும்புவது மர்மக் கதை; அதற்கென அவர் முதலில் தேடும் பொருள் துப்பாக்கி. இவ்விருப்பம் நன்றன்று என்பதே எமது துணிபு.

அச்சத்தைப் பிறப்பிப்பது ஆயுதமன்று, ஐயமே. 1941இல் வெளிவந்த ‘சஸ்பிஷன்’ படத்தில், கணவன் மனைவிக்குப் பால் ஏந்தி மாடிப்படி ஏறுகின்றான். நஞ்சு கலந்த பாலோ என நாம் நடுங்குகின்றோம். இயக்குநர் ஹிட்ச்கொக் அப்பாலினுள் சிறு மின்விளக்கொன்றை மறைத்துவைத்தார். காண்போர் கண் குவளையை விட்டு அகலவில்லை.

பொருள் தெரிவைப் போன்றே முன்னேற்பாடும் வேண்டும். 1983இல் நம் கண்டிக்கு அண்மையில், விக்டோரியா அணைக்கட்டு எழுந்துகொண்டிருந்த இடத்தருகே, ‘இந்தியானா ஜோன்ஸ்’ படத்துக்கெனத் தொங்குபாலம் ஒன்று கட்டினர். கயிற்றுப் பாலமெனத் தோன்றினும் அதனைத் தாங்கியது உருக்கு வடமே. அறுத்து வீழ்த்துதல் ஒருமுறையே இயலுமாதலின், பல கமராக்களை ஒருங்கே இயக்கினர். வீழ்ந்தவை கைகால் அசைக்கும் பொம்மைகள்.

மாணவர்க்கு அத்துணைப் பொருள்வளம் இல்லை. ஆயினும் மலைநாட்டில் தேயிலைக்குப் பஞ்சமில்லை. தேயிலைச் சாயத்தில் நனைத்து உலர்த்திய தாள் பழங்கடிதமாகும். உலர்ந்த பின்னரே எழுதுக. அன்றேல் மை கரையும். கிழிபடும் கடிதமாயின் ஒரே வகையாய் மூன்று படிகள் செய்துகொள்க.

‘துப்பாக்கியின்றி மர்மக் கதையா?’ என வினவுவாருளர். 2021இல் அமெரிக்காவில் ‘ரஸ்ட்’ படப்பிடிப்பின்போது, உண்மைக் குண்டு இல்லையென நம்பிய துப்பாக்கியிலிருந்து குண்டு பாய்ந்து ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் உயிர்நீத்தார். தொழில்வல்லார் நடுவிலேயே இது நிகழ்ந்ததன்றோ? போலியாயினும் இடரே. நம் நாடு 2009 வரை போர் கண்ட நாடு. நம் நகரின் தலதா மாளிகையும் 1998இல் குண்டுத் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. இந்நகர்த் தெருவிற் போலித் துப்பாக்கி ஏந்தும் மாணவனை நடிகனெனக் காவலர் அறிவது எங்ஙனம்? விளக்கங் கூற அவனுக்கு அவகாசம் வாய்க்குமென்பது உறுதியன்று. கதை வேண்டின், மூடிய கதவுக்கு அப்பால் வெடியோசை கேட்பித்தல் போதும்.

பழைய மாணவர்க்கும் இதிற் பங்குண்டு. பரணிற் கிடக்கும் கைக்கடிகாரம், பூட்டு, தகரப்பெட்டி, மூக்குக்கண்ணாடி முதலியவற்றை இரவலாக உதவுக. அவற்றைப் பட்டியலிட்டுப் பெற்று, பழுதின்றித் திருப்பிக் கொடுத்தல் மாணவர் கடன்.