வார்டி கதையை நிறுத்துவோம்

திறமை இருந்தால் எப்படியும் மேலே வந்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கு இங்கிலாந்துக் கால்பந்தில் ஒரு நிரந்தரச் சாட்சி இருக்கிறார்: ஜேமி வார்டி. 16 வயதில் ஷெஃபீல்டு வெட்னஸ்டே கிளப் அவரை வேண்டாமென்று அனுப்பிவிட்டது. ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் என்ற சிறு ஊர்க் கிளப்பில் வாரம் 30 பவுண்டுக்கு ஆடினார். பகலில் தொழிற்சாலை வேலை. 2012இல் லெஸ்டர் சிட்டி வாங்கியது, 2016இல் பிரீமியர் லீக் கோப்பையைத் தூக்கினார். சினிமாவை மிஞ்சும் இந்தக் கதையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதைச் சொல்கிறவர்கள் சொல்லாமல் விடும் பாதி ஒன்று உண்டு: மேலே வராதவன் திறமையில்லாதவன், மூன்றாம் நான்காம் நிலை லீக்கில் ஆடுகிறவன் தோற்றுப்போனவன். அந்தப் பாதியைத்தான் நான் எதிர்க்கிறேன்.

முதலில் வார்டியின் கதையையே கவனமாகப் பாருங்கள். கீழ்நிலையில் ஆடிய காலத்தில் பிரீமியர் லீக் கிளப் எதுவும் அவரை வாங்கவில்லை. லெஸ்டர் அவரை வாங்கியபோது அதுவே இரண்டாம் நிலையில்தான் இருந்தது. 2014இல் கிளப் ஏறியது, அதோடு அவரும் ஏறினார். ரிக்கி லாம்பர்ட் கதையும் இப்படித்தான். லிவர்பூல் 15 வயதில் கைவிட்ட பையன், ஒரு கட்டத்தில் பீட்ரூட் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்த்தவர். மேக்கிள்ஸ்ஃபீல்டு, ஸ்டாக்போர்ட், ராச்டேல், பிரிஸ்டல் ரோவர்ஸ் என்று சுற்றினார். 2009இல் சவுத்தாம்ப்டன் வாங்கியபோது அந்தக் கிளப் மூன்றாம் நிலைக்கு இறங்கியிருந்தது. மூன்றே ஆண்டில் அது பிரீமியர் லீக்குக்குத் திரும்பியது. 2013 ஆகஸ்டில் வெம்ப்ளியில் ஸ்காட்லாந்துக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கிய லாம்பர்ட், இங்கிலாந்துக்காகப் பந்தைத் தொட்ட முதல் தடவையே தலையால் முட்டி கோல் போட்டார். அப்போது அவருக்கு வயது 31. ராச்டேலில் கோல் போட்டுக்கொண்டிருந்த லாம்பர்ட்டுக்கு அந்தத் தலை இல்லையா? இருந்தது. அவரைச் சுமந்து ஏற ஒரு கிளப் இல்லை, அவ்வளவுதான். சவுத்தாம்ப்டன் அந்த மூன்று வருடத்தில் தடுக்கி விழுந்திருந்தால் அதே கால்கள், அதே கோல்கள், நாம் மட்டும் அவரைத் தோற்றவர் பட்டியலில் சேர்த்திருப்போம்.

இன்னொன்றும் உண்டு. பிரீமியர் லீக்கில் இருப்பது 20 கிளப். அதன் கீழே மூன்று நிலைகளில் 72. மேலே உள்ள இடங்களுக்கு பிரேசில், செனகல், ஜப்பான் என்று உலகம் முழுவதும் வரிசையில் நிற்கிறது. ராச்டேல் தெருப் பையன் போட்டியிடுவது பக்கத்துத் தெருப் பையனோடு மட்டும் அல்ல. இந்த நெரிசலில் நான்காம் நிலையில் ஓர் இடத்தைப் பிடித்துப் பத்து வருடம் காப்பாற்றிக்கொள்வது எத்தனை பெரிய காரியம்!

டோனி ஃபோர்டைத் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? 1975இல் 16 வயதில் கிரிம்ஸ்பி டவுனுக்காக இறங்கினார். 2001இல் ராச்டேலில் முடித்தார். லீக்கில் மட்டும் 931 ஆட்டங்கள். கோல்கீப்பர்களை நீக்கிவிட்டுப் பார்த்தால் ஆங்கில லீக் வரலாற்றில் அவரைத் தாண்டியவர் இல்லை. உச்ச நிலை லீக்கில் ஒரு நாள்கூட ஆடியதில்லை. 26 வருடம், குளிரில், சேற்றில், சனிக்கிழமையும் செவ்வாய்க்கிழமை இரவும், 40 வயதைத் தாண்டியும் ஓடிய அந்த உடம்பை எந்தப் பட்டியலில் வைப்பது? இப்படி ஒருவர் மருத்துவராகவோ ஆசிரியராகவோ சிற்றூரில் வேலை செய்திருந்தால், தலைநகருக்குப் போகவில்லை என்று அவரைத் தோற்றவர் என்போமா?

தமிழர்களுக்கு இதில் இப்போது நேரடி உறவும் இருக்கிறது. வேல்ஸில் வளர்ந்த, தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த விமல் யோகநாதன் பார்ன்ஸ்லி கிளப்பின் சட்டையை அணிந்து தொழில்முறை ஆட்டத்தில் இறங்கினார். பார்ன்ஸ்லி அப்போது மூன்றாம் நிலையில் இருந்தது. நம் ஆட்கள் பெருமைப்பட்ட கையோடு கேட்ட கேள்வி: பிரீமியர் லீக் எப்போது? அந்தப் பிள்ளை தாண்டி வந்த தூரம் அந்த ஒரு கேள்வியில் காணாமல் போகிறது. மனம் பொறுக்கவில்லை.

கீழ்நிலையில் ஆடுகிறவர்களைத் தோற்றவர் என்று நினைப்பதால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு பெரி கிளப்பின் கதையைச் சொல்ல வேண்டும். 1885இல் தொடங்கியது, இரண்டு முறை எஃப்.ஏ. கோப்பை வென்றது. 2019 வசந்தத்தில் அதன் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் ஒழுங்காக வரவில்லை. அந்த நிலையிலும் ஆடினார்கள்; நான்காம் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்குக் கிளப்பை ஏற்றினார்கள். ஆகஸ்ட் 27 அன்று லீக் அந்தக் கிளப்பையே வெளியேற்றியது. சீசன் தொடங்கிய பிறகு வேலை போனவர்கள் என்ன செய்வார்கள்? மற்றக் கிளப்புகள் ஆட்களை முன்பே எடுத்து முடித்திருக்கும். வீட்டு வாடகையும் குழந்தையின் பள்ளிக்கூடமும் அந்த ஊரில் கிடக்கும். கால்பந்து ஆடுகிறவன் என்றால் கோடீஸ்வரன்தானே என்று நினைக்கும் ஊருக்கு இவர்களுடைய சம்பளப் பாக்கி ஒரு செய்தியாகவே தெரியாது.

நல்ல காலத்திலும் நிலைமை பெரிதாக வேறு அல்ல. இவர்களில் பலருக்கு ஒப்பந்தம் ஓராண்டு, மிஞ்சினால் இரண்டாண்டு. சீசன் முடிந்ததும் யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுவிக்கிறோம் என்று கிளப் பட்டியல் வெளியிடும். ஜூன் முடிவில் ஒப்பந்தம் முடியும். ஏப்ரலில் முழங்கால் நார் அறுந்தவனைப் புதிய கிளப் எதுவும் அவசரப்பட்டு எடுக்காது. தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவருக்கு இப்படி நடந்தால் கொதிக்கும் நாம், இவர்களுக்கு நடந்தால் ‘திறமை போதவில்லை’ என்று கடந்துபோகிறோம். திறமைக் கதை முதலாளிகளுக்கு இவ்வளவு வசதியாக இருப்பது தற்செயல் அல்ல.

2020 ஆகஸ்டில் மூன்றாம், நான்காம் நிலைக் கிளப்புகள் கூடி வாக்களித்துச் சம்பள உச்சவரம்பு கொண்டுவந்தன: மூன்றாம் நிலையில் அணி முழுவதற்கும் ஆண்டுக்கு 25 லட்சம் பவுண்டு, நான்காம் நிலையில் 15 லட்சம். மேல்நிலை நட்சத்திரம் ஒருவரின் ஓராண்டுச் சம்பளம் மட்டுமே இதைப் பல மடங்கு தாண்டும். அங்கே அப்படி எந்த வரம்பும் விதிக்கப்படவில்லை. ஆட்டக்காரர் சங்கம் நடுவர் தீர்ப்பாயத்திடம் முறையிட்டு, 2021 பிப்ரவரியில் அந்த விதியை ரத்து செய்ய வைத்தது. வாரம் 20 பவுண்டு என்ற பழைய உச்சவரம்பை ஜிம்மி ஹில் தலைமையில் இதே சங்கம் வேலைநிறுத்த எச்சரிக்கை விடுத்து ஒழித்தது 1961இல். அறுபது வருடம் கழித்து, கடைசி இரண்டு நிலைகளில் ஆடுகிறவர்களுக்காக மட்டும் அந்தப் போராட்டத்தை அது மறுபடி நடத்த வேண்டியிருந்தது.