பிடுங்குமுன் இலையைப் பாருங்கள்

விவசாயப் பெருமக்கள் பார்த்தீனியத்தை ஒழிப்பது சரியே. ஆனால் காட்டோரத் தோட்டங்களில் அதோடு ஆனைச்சுவடியும் களைக்கொத்துக்கு இரையாகிறது. இரண்டும் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டின் இளஞ்செடியும் தரையோடு படிந்து வட்டமாக இலை விரிக்கும். பார்த்தீனியம், 1955 வாக்கில் புனேயில் கவனிக்கப்பட்டு நாடெங்கும் பரவிய அமெரிக்கக் களை. ஆனைச்சுவடியோ நம் காட்டு நிழலில் வளரும் மூலிகை.

அடையாளம் காண்பது எளிது. பார்த்தீனியத்தின் இலை கேரட் இலைபோலப் பிளவுபட்டிருக்கும், பூ வெள்ளை. ஆனைச்சுவடியின் இலை பிளவுபடாமல், ஓரத்தில் மட்டும் பற்களுடன் சொரசொரப்பாக இருக்கும். ஊதாப் பூங்கொத்தை இதய வடிவச் சிற்றிலைகள் மூன்று தாங்கி நிற்கும்.

மரத்தடியிலும் வேலியோரத்திலும் களைக்கொல்லி தெளித்தால் இரண்டும் கருகும். வெறுமையான மண்ணை முதலில் பிடிப்பது, விதை மண்ணிலேயே கிடக்கும் பார்த்தீனியம்தான். ஆகவே அதை மட்டும் பூக்குமுன் கையுறையணிந்து வேருடன் பிடுங்குவதே சாலச் சிறந்தது.