நிரபராதிக்கு நாம் பட்ட கடன்

புதுச்சேரியிலே பாரதி பூங்காவில் மாலைக் காற்று வாங்க வருகிறவர்கள் அநேகர். மரங்களும் ஆயி மண்டபமும் விளங்குகிற அந்தப் பக்கத்திலேதான் முற்காலத்தில் லூயி கோட்டை நின்றது. 1761-ல் நகரத்தைப் பிடித்த ஆங்கிலேயர் அதை இடித்துத் தரைமட்டமாக்கி விட்டார்கள். கோட்டை போய்விட்டது, ஆனால் அந்தக் கோட்டையிலிருந்து அதிகாரம் நடந்த நாளில் இவ்வூர்ச் சிறையில் உயிர் விட்ட ஒரு தமிழரின் வழக்கு மட்டும் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை.

நைனியப்ப பிள்ளை என்பவர் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷாக இருந்தவர். ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயரை அறியாத வாசகர்கள் இருக்க மாட்டார்கள். அவருடைய தந்தை திருவேங்கடம் பிள்ளைக்கு நைனியப்பர் மைத்துனர். கம்பெனிக்குச் சரக்குச் சேர்ப்பதும், கடன் ஏற்பாடு செய்வதும், கீழைத் தேசத்து வர்த்தகர்களிடம் பேசி முடிப்பதும் அவருடைய பொறுப்பு. அவர் இந்து சமயத்தவர். அந்தப் பதவியில் ஒரு கிறிஸ்தவரே இருக்க வேண்டும் என்று சேசு சபைப் பாதிரிமார் வெகு காலமாக வற்புறுத்தி வந்தனர். 1715-ல் இரண்டாம் முறையாகப் புதுச்சேரிக்கு அதிகாரியாக வந்த எபேர் துரைக்கு அவர்களுடைய தயவு வேண்டியிருந்தது. மறு வருஷமே, அதாவது 1716-ல், நைனியப்பர் கைதானார். ஜனங்களைக் கொடுமைப்படுத்தினார், கலகம் மூட்டினார் என்பவை அவர்மேல் சாட்டிய குற்றங்கள். பகிரங்கமாகக் கடைவீதியில் 50 சவுக்கடி, 3 வருஷச் சிறை, சொத்துப் பறிமுதல் என்று தீர்ப்பாயிற்று. மூன்று வருஷத்தை அவர் முடிக்கவில்லை. 1717-ல் சிறையிலேயே இறந்து போனார்.

அந்த விசாரணை எப்படி நடந்தது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம். சாட்சிகள் தமிழில் சொன்னார்கள். கோர்ட்டின் ஏடுகளோ பிரெஞ்சில் எழுதப்பட்டன. நடுவே நின்றவர் மொழிபெயர்ப்பாளர். தங்களுக்குப் புரியாத பாஷையில் எழுதிய காகிதத்தில் சாட்சிகள் கையொப்பமிட்டார்கள் என்பது பின்னால் அப்பீலில் எழுந்த முக்கியமான ஆட்சேபங்களில் ஒன்று. குற்றம் சாட்டியவர்களே ஒருவிதத்தில் நீதிபதிகளாகவும் அமர்ந்திருந்த இடத்தில், சத்தியத்துக்கு வாய் ஏது?

நைனியப்பருடைய பிள்ளைகளும் உறவினர்களும் சும்மா இருந்துவிடவில்லை. பிரான்சுக்கு மனுவுக்குமேல் மனு போயிற்று. சேசு சபையாருக்கு எதிர்க் கட்சியாயிருந்த வேறு பாதிரிமாரும், சேன்மாலோ நகரத்து வர்த்தகர்களும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். எபேர் துரையே கைதாகித் தாய்நாட்டுக்குக் கப்பலேற்றப்பட்டான். நைனியப்பர் குற்றமற்றவர் என்று ஏற்கப்பட்டது. மூத்த மகன் குருவப்பர் பிரான்சுக்கே சென்று, அங்கே ஞானஸ்நானம் பெற்று, ராஜாங்க விருதும் பெற்று, 1722-ல் தந்தை வகித்த அதே பதவியில் வந்து அமர்ந்தார். கதையாகக் கேட்டால் நல்ல முடிவு என்றுதான் தோன்றும். ஆனால் கடைவீதியில் அடிபட்ட முதுகும், சிறையில் போன உயிரும் எந்தத் தீர்ப்பினால் திரும்பி வரும்?

இது 300 வருஷத்துக்கு முந்தைய கதை, அந்நியர் ஆண்ட காலத்து அநீதி என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். அந்த ஆறுதலுக்கு இடமில்லை.

தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் லக்ஷ்மிகாந்தன் கொலை வழக்கில் 1944 டிசம்பரில் கைதானார்கள். ஜூரிகளில் பெரும்பான்மையோர் குற்றவாளிகள் என்றதன்பேரில் 1945-ல் ஆயுள் தண்டனை கிடைத்தது. ஹைகோர்ட்டு அப்பீலைத் தள்ளிற்று. லண்டன் பிரிவி கவுன்சில் வரையில் போய், வழக்கு மறுபடியும் சென்னைக்கு வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் நிரபராதிகள் என்று விடுதலையானார்கள். 1944 தீபாவளிக்கு வெளிவந்த 'ஹரிதாஸ்' படம் சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது; அதில் நடித்தவரோ அந்தக் காலத்தின் பெரும்பகுதி சிறையில் இருந்தார். கலைவாணர் மறுபடியும் மேலே வந்தார். பாகவதரின் படவுலக வாழ்வு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. 1959-ல் அவர் காலமானார்.

நாடு விடுதலையடைந்த பிறகாவது நிலைமை மாறிற்றா? நாகர்கோவிலைச் சேர்ந்த விஞ்ஞானி நம்பி நாராயணன், பிரான்சு தேசத்து வெர்னோன் நகரில் ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கி, ராக்கெட்டுகளுக்கு வேண்டிய 'விகாஸ்' எஞ்சின் உருவாகக் காரணமாயிருந்தவர். தேச ரகசியத்தை விற்றார் என்று 1994 நவம்பரில் கேரளப் போலீசார் அவரைக் கைது செய்தனர். 50 நாள் காவலில் இருந்தார். வழக்கு பொய்யானது என்று 1996-ல் சி.பி.ஐ. அறிவித்தது. 1998-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. நஷ்டஈடாக 50 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று அதே கோர்ட்டு தீர்ப்பளித்தது 2018-ல். ஐம்பது நாள் சிறைக்கு இருபத்து நாலு வருஷப் போராட்டம்!

இவர்களெல்லாம் பெயர் பெற்றவர்கள். குருவப்பருக்குக் கப்பலேற வசதி இருந்தது. நடிகர்களுக்கு லண்டன் வரையில் வழக்காடப் பணம் இருந்தது. விஞ்ஞானிக்குக் கல்வியும் மனவுறுதியும் இருந்தன. ஒன்றும் இல்லாதவன் கதி என்ன? பீகாரிலே ருதுல் சா என்பவரைக் குற்றமற்றவர் என்று 1968-ல் கோர்ட்டு விடுதலை செய்தது. ஜெயில் அதிகாரிகள் அவரை வெளியே விட்டது 1982-ல். பதினாலு வருஷம்! 1983-ல் சுப்ரீம் கோர்ட்டு அவருக்குக் கொடுக்கச் சொன்ன தொகை 30,000 ரூபாய். கஜானாவிலிருந்து நஷ்டஈடு பெற வழி திறந்த தீர்ப்பு அது என்று வக்கீல்கள் போற்றுகிறார்கள், போற்றத்தக்கதுதான். ஆனால் வழி திறந்தது கோர்ட்டின் கருணையே தவிர, சட்டம் அல்ல.

வகுப்பிலே இந்தச் சரித்திரங்களைச் சொன்னால், "கடைசியில் விட்டுவிட்டார்களே ஸார், அப்புறம் என்ன குறை?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. பிள்ளைகள் மட்டுமா? பெரியவர்களாகிய நாமும் அப்படித்தான் நினைக்கிறோம். விடுதலை என்பது இனி அடிக்க மாட்டோம் என்ற வாக்கு. இதுவரை அடித்ததற்கு ஈடு அல்ல. இழந்த கூலி, இடிந்த வீடு, படிப்பு நின்ற குழந்தைகள், முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஊரார் — இவற்றுக்கெல்லாம் விடுதலைத் தீர்ப்பில் ஒரு வரியும் இராது.

பிரான்சு தேசத்தில், தவறான தீர்ப்பால் தண்டனை அடைந்தவருக்கு அரசாங்கம் ஈடு செய்ய வேண்டும் என்று 1895-லேயே சட்டம் செய்தார்கள். விசாரணைக் காவலில் கிடந்து விடுதலை பெறுகிறவர்களுக்கும் 1970-ல் வழி செய்தார்கள். 1963 முதல் நம் புதுச்சேரியிலும் இந்தியக் குற்றவியல் சட்டமே வழங்குகிறது. அந்தச் சட்டம் என்ன சொல்லுகிறது? போதிய காரணமின்றி ஒருவரைக் கைது செய்யும்படி போலீசாரைத் தூண்டியவர், கைதானவருக்கு நஷ்டஈடு தர மாஜிஸ்டிரேட் உத்தரவிடலாம். அதன் உச்ச வரம்பு 1,000 ரூபாய்! 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய நியாய முறைச் சட்டத்திலும் அந்த ஆயிரம் ஆயிரமாகவே நிற்கிறது. தவறாக வழக்குத் தொடரப்பட்டவர்களுக்கு ஈடு கிடைப்பதை உரிமையாக்க வேண்டும், அதற்கென்று தனிக் கோர்ட்டுகள் வேண்டும் என்று சட்டக் கமிஷன் 2018-ல் தனது 277-வது அறிக்கையில் யோசனை கூறிற்று. புதிய சட்டத்தை எழுதியவர்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கினர் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள் என்று 2022-ம் வருஷத்துச் சர்க்கார் கணக்கு சொல்லுகிறது. அவர்களில் நிரபராதிகள் எத்தனை பேர் என்பதை யார் அறிவார்? முதல் முறை வழக்கில் அகப்பட்டவர், குற்றத்துக்குரிய உச்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் காவலில் கழித்துவிட்டால், கொடுங்குற்றங்கள் முதலிய சில விலக்குகள் நீங்கலாக, அவரை ஜாமீனில் விட வேண்டும் என்று புதிய சட்டம் கூறுகிறது. நல்ல விதி. அதைக் கைதிக்கு அவன் பாஷையில் யாராவது எடுத்துச் சொன்னால்தானே அது விதி! நைனியப்பர் காலத்துக் காகிதக் கதை இங்கேதான் நினைவுக்கு வருகிறது.

ஆகையால் நாம் கேட்க வேண்டியவை மூன்று. நஷ்டஈடு கருணையாக அல்ல, உரிமையாக, காலவரையறையோடு கிடைக்க வேண்டும். பொய் வழக்கு ஜோடித்த அதிகாரி அதற்குப் பதில் சொல்ல வேண்டும். எபேர் துரை கப்பலேறிய நாட்டிலே இது புது வழக்கம் ஆகாது. கைதி கையொப்பமிடும் ஒவ்வொரு காகிதமும் அவனுக்குப் புரியும் பாஷையில் படித்துக் காட்டப்பட வேண்டும்.

பட்ட கடனை அடைக்காதவனை ஊரார் நாணயமற்றவன் என்கிறார்கள். ராஜாங்கத்துக்கும் நாணயம் ஒன்று உண்டு. குற்றமற்றவனிடமிருந்து எடுத்துக்கொண்ட வருஷங்கள் கடன்தான். அதை முழுதும் திருப்பிக் கொடுக்க யாராலும் முடியாது. முடிந்த மட்டிலாவது கொடுக்கச் செய்வது, ராஜாங்கத்தை ஓட்டுப் போட்டு அமைக்கிற நம்முடைய கடமை.