பல் வைத்தியரும் கணக்கேடும்

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது நம் உழவர் வாய்மொழி. கணக்குப் பார்ப்பதே வீண் வேலை என்று அதற்குப் பொருள் கொள்வோர் உளர். நாம் அவ்வாறு கொள்ளவில்லை. உழக்கும் மிஞ்சவில்லை என்பதை அவனுக்கு அறிவித்தது அந்தக் கணக்கன்றோ? அறிந்த பின்னரே செலவைச் சுருக்கவும், பயிரை மாற்றவும், நியாய விலை கேட்கவும் அவன் எண்ணுகிறான். தோட்டத்துக்குப் பொருந்தும் இவ்வுண்மை, கற்றறிந்தோர் புரியும் தொழில்களுக்கும் பொருந்தும். சிறப்பாக, நம் ஊர்களில் தனியார் பற்சிகிச்சை நிலையம் நடத்தும் வைத்தியர்கள் இதனைச் சிந்திக்க வேண்டுமென விரும்புகிறோம்.

பல் வைத்தியரைத் தனியே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. அவருடைய நிலையம் பாதி வைத்தியசாலை, பாதி பட்டறை. சிகிச்சை நாற்காலி, காற்றழுத்த இயந்திரம், எக்ஸ்ரே கருவி, கிருமி நீக்கும் கலம் ஆகியவற்றில் முதலிட்ட பின்னரே அவர் முதல் நோயாளியின் வாயைத் திறந்து பார்க்க முடியும். விறைப்பு மருந்தும் பல்லடைக்கும் பொருள்களும் பெரும்பாலும் கடல் கடந்து வருவன. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், சில மாதங்களுக்குள் 350 ரூபாவையும் தாண்டிற்று. பழைய விலையில் வாங்கிய பொருளுக்குப் பழைய கட்டணமே அறவிட்டு வந்தவருக்கு, அதே பொருளை மீண்டும் வாங்க அப்பணம் போதாதென்பது சொல்லாமலே விளங்கும்.

இங்கு நேரும் பெருந்தவறு ஒன்றே. மாலையில் மேசை லாச்சியிற் கிடக்கும் பணம் முழுவதும் தம்முடையதென்று வைத்தியர் எண்ணிவிடுகிறார். அது உண்மையன்று. கட்டுப்பல்லுக்காக ஒருவர் 10,000 ரூபா முற்பணம் கொடுத்தால், பல் பொருத்தப்படும் வரை அது நோயாளிக்குரிய கடன். அப்பல்லைச் செய்து கொடுக்கும் ஆய்வுகூடத்துக்கு மாத முடிவிற் செலுத்த வேண்டிய தொகையும் அந்த லாச்சிக்குள்ளேயே கிடக்கிறது. நாற்காலிக்கும் அதில் ஒரு பங்குண்டு. பதினைந்து இலட்சம் ரூபாவுக்கு வாங்கிய நாற்காலி பத்து ஆண்டு உழைக்குமெனக் கொண்டால், ஆண்டுத் தேய்மானம் 150,000 ரூபா. ஆண்டுக்கு 250 நாள் வேலையெனின், நாளொன்றுக்கு 600 ரூபா. நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் நாற்காலி அதனைக் கேட்டுக்கொண்டேயிருக்கும். இவற்றையெல்லாம் கழித்த பின் எஞ்சுவதே வைத்தியரின் உழைப்பூதியம்.

வைத்தியம் சேவையன்றோ, அதற்கு வாணிகக் கணக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். சேவை என்பதாலேயே கணக்கு வேண்டுமென்கிறோம். அயல் நிலையத்தின் கட்டணத்தைக் கேட்டறிந்து தம் கட்டணத்தை நிச்சயிப்பவர், இருட்டிற் கல்லெறிபவரை ஒப்பார். கட்டணம் குறைந்தால் நிலையம் ஒருநாள் மூடப்படும். ஊரார் தூர நகருக்குப் பஸ் ஏறவேண்டி வரும். கட்டணம் மிகுந்தால், அடைத்துக் காக்கக்கூடிய பல்லை, பிடுங்கவேண்டிய நிலை வரும்வரை உழவன் பொறுத்துக்கொண்டிருப்பான். மாதத்தில் எத்தனை ஏழைகளுக்கு இலவசமாகப் பார்க்க முடியுமென்பதையும் கணக்கேடுதான் சொல்லும். கணக்கில்லாத தருமம் நீடித்து நில்லாது.

அரசிறையும் இதில் அடங்கும். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி மதிப்பாண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. வருமான விவரத் திரட்டை அடுத்துவரும் நவம்பர் 30க்குள் சமர்ப்பிக்க வேண்டும். தனியாளுக்குரிய வரி நிவாரணம் 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. அரசாங்கச் சம்பளத்தில் வரி கழிக்கப்படுகிறதென்பதற்காக, மாலை நேரத் தனியார் சிகிச்சையின் வருவாயைக் காட்டாதிருக்க முடியாது. ஏடுகள் இல்லாதவிடத்து அதிகாரியின் மதிப்பீடே கணக்காகிவிடும். அது பிழையென நிறுவும் சுமை வைத்தியரின் தலையில் விழும்.

செய்யவேண்டியவை கடினமானவையல்ல. வீட்டுக்கும் நிலையத்துக்கும் வெவ்வேறு வங்கிக் கணக்குகள் வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் தொடரிலக்கமிட்ட பற்றுச்சீட்டு வழங்கவேண்டும். அன்றன்றே காசேடு எழுதி, நோயாளர் பதிவேட்டோடும் லாச்சிப் பணத்தோடும் ஒப்பிடவேண்டும். பணம் வாங்குபவரும் ஒப்புநோக்குபவரும் ஒருவராகவே இருத்தல் நன்றன்று. முற்பணங்களுக்கும் ஆய்வுகூடக் கடன்களுக்கும் தனிப் பக்கங்கள் ஒதுக்குக. மருந்திருப்பைக் காலாவதித் திகதியோடு குறித்துக்கொள்க. வைத்தியர் தம் வீட்டுச் செலவுக்கு மாதந்தோறும் குறித்த தொகையை மட்டும் எடுத்துக்கொள்க. நாளுக்குக் கால் மணி நேரம் இதற்குப் போதும்.

நோவு தாங்கமுடியாத பின்னரே வரும் நோயாளியை, முன்னரே வந்திருக்கலாகாதா என்று கடிந்துகொள்ளாத பல் வைத்தியர் இல்லை. அவரே நவம்பர் மாத இறுதியிற் கசங்கிய பற்றுச்சீட்டுக் கட்டோடு கணக்காளரின் வாசலில் நிற்பது முறையாகுமா? எழுதாத கணக்கை எந்தக் கணக்காளராலும் பின்னர் ஆக்கித்தர முடியாது. பற்களை நாள்தோறும் துலக்குமாறு ஊருக்கு உபதேசிப்போர், தம் கணக்கேட்டையும் நாள்தோறும் துலக்குவாராக.