மூல ஓலை எங்கே?

தோழரே! திருவெண்ணெய்நல்லூர் என்றதும் நினைவுக்கு வருவது ஓலை வழக்கு. மணக்கோலத்தில் நின்ற நம்பியாரூரனை, நீ எனக்கு அடிமை என்று மறித்தாராம் முதியவர். ஓலையைப் பறித்துக் கிழித்தெறிந்தான் இளைஞன். ஊரவை கூடியது. கிழிந்தது படிதான், மூலம் என்னிடம் என்றார் கிழவர், வென்றார். புராணத்தை நான் நம்புபவனல்லன். ஆனால் அதிலுள்ள வழக்கறிவை மெச்சுகிறேன்!

2009 நவம்பரில், கருநாடகத்துக் கைகா அணுமின் நிலையத்தில் குடிநீர்க் குளிரூட்டியினுள் டிரிட்டியம் கலந்த கனநீரை எவரோ ஊற்றிவிட்டனர். நிறமில்லை, மணமில்லை. ஏறத்தாழ 50 தொழிலாளர் பருகினர். நாக்கு அறியவில்லை, காட்டிக்கொடுத்தது சிறுநீர்ச் சோதனை! அந்தச் சிறுநீரே அவர்தம் உடல் எழுதிய மூல ஓலை.

நாடகம் எழுதுபவன் நான், வேடதாரிகளை அறிவேன். டிரிட்டியம் நீரின் வேடம் பூண்டு வரும். நீரோடு நீராய் உடலெங்கும் பரவும். சிறுநீராய், வியர்வையாய், மூச்சாய் வெளியேறும். சுமார் 10 நாளில் பாதி போய்விடும். நிறைய நீர் பருகினால் இன்னும் விரைந்து போகும். உணவில் புகும் மற்றவை அத்துணை நாணயமான விருந்தாளிகளா? சீசியம் பொட்டாசியத்தின் சாயலில் தசையில் தங்கும். வளர்ந்தவர் உடலில் பாதி குறையவே மூன்று திங்கள் அளவு ஆகும். 1987இல் பிரேசிலின் கோயானியாவில் பிரஷ்யன் நீலம் என்னும் நிறப்பொருளை மருந்தாகக் கொடுத்தனர். அது குடலிலேயே சீசியத்தைப் பற்றி மலத்தோடு வெளியேற்றியது. ஸ்ட்ரான்சியமோ சுண்ணச்சத்தென நடித்து எலும்பில் குடியேறும், ஆண்டுக்கணக்கில் அகலாது. கதிரியக்க அயோடின் 8 நாளுக்கொருமுறை பாதியாகும். போகட்டும் என்று விடலாமா? 1986இல் செர்னோபில் வெடித்தபின் பாலோடு அதை உண்ட குழந்தைகள் பலரின் தைராய்டில், அந்தச் சில வாரங்களே புற்றுநோய்க்கு வித்தாயின.

கல்பாக்கம் நம் கடற்கரை. 1984இல் வணிக உற்பத்தி தொடங்கிய நிலையம் அங்கே. ஊழியர் உடலேற்ற கதிரளவு பதிவாகிறது. சுற்றுப்புற ஆய்வுக்கூடம் மீனையும் பாலையும் சோதிக்கிறது. மறுக்கவில்லை, பாராட்டுகிறேன். ஆனால் சிறுநீர் தொழிலாளியுடையது, ஏடு மட்டும் எவருடையது? ஒப்பந்தக் கூலியாய் உள்ளே போய், ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்புபவன், பத்தாண்டு கழித்து நோயென்று மருத்துவர்முன் நின்றால், கையில் என்ன காட்டுவான்?

வேலைவிட்டு வெளியேறும் நாளன்றே, அவன் சோதனைக் கணக்கு முழுவதும் தமிழில், முத்திரையிட்டு, அவன் கையில் தரப்பட வேண்டும். மீனின் அளவும் பாலின் அளவும் அக்கரையோர ஊராட்சி மன்றங்களின் சுவரில் ஒட்டப்பட வேண்டும். அடுத்த சட்டமன்றக் கூட்டத்தில் இதைக் கேட்குமாறு உம் தொகுதி உறுப்பினருக்கு இன்றே எழுதுவீர், தோழரே.