பொப்பிசையும் பொய்த் தராசும்

கொழும்புத் தமிழருக்கென்று ஓர் இசை உண்டா என்ற வினா எழும்போதெல்லாம் நம்மிடையே இரண்டு விடைகள் ஆயத்தமாக இருக்கின்றன. கர்நாடக இசை இருக்கிறதே என்பர் ஒரு சாரார். திரைப்பாடல் போதாதா என்பர் மறு சாரார். முன்னவர் தஞ்சாவூரைச் சுட்டுகின்றனர். பின்னவர் கோடம்பாக்கத்தைச் சுட்டுகின்றனர். இருவர் விரலும் பாக்கு நீரிணைக்கு அப்பாலேயே நீள்கின்றன. ஆயினும் இவ்விரு சாராரும் ஒன்றுபடும் இடம் ஒன்று உண்டு. கிற்றாரைக் கையிலெடுத்து, நம் பேச்சுத் தமிழில், நம் வீட்டுக் கதையைப் பாடிய இளைஞரை ஏளனம் செய்வதில் பண்டிதரும் இரசிகரும் தோளோடு தோள் நிற்கின்றனர். இந்த ஒற்றுமையை எதிர்த்தே எழுதுகிறோம்.

முதலில் நடந்ததைக் கூறுவோம். 1960களின் பிற்பகுதியில் ஈழத்தில் தமிழ்ப் பொப்பிசை என்று ஒன்று தலையெடுத்தது. உரும்பிராயைச் சேர்ந்தவரும் விவசாயக் கல்வித்துறையில் பணியாற்றியவருமான நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' என்ற பாட்டோடு அதற்கு வழி திறந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஏ.ஈ. மனோகரன் 1970களில் அதனை மேடைகளின் மையத்துக்குக் கொண்டுவந்தார். மக்கள் அவரைப் பொப்பிசைச் சக்கரவர்த்தி என்றனர். இவர்களைச் சுற்றிப் பாடகரும் வாத்தியக் குழுக்களும் தோன்றின. திருமண வீடுகள், கார்னிவல்கள், கல்லூரி விழாக்கள் யாவும் அவர்களுக்கு மேடையாயின.

இந்த இசை வானத்திலிருந்து விழவில்லை. போர்த்துக்கேயர் காலத்தில் இத்தீவுக்கு வந்த தாளங்களை, புத்தளத்தை அண்டி வாழும் ஆபிரிக்க வழிவந்த மக்களும் மட்டக்களப்புப் பறங்கியரும் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தனர். பொலிஸ் உத்தியோகத்தராயிருந்த வொலி பெஸ்டியன் அவற்றைச் சிங்களப் பைலாவாக மேடையேற்றினார். 1960களின் நடுப்பகுதியில் கிளரன்ஸ் விஜேவர்தனவும் அவரது மூன்ஸ்டோன்ஸ் குழுவினரும் மின் கிற்றாரைச் சிங்களப் பாட்டோடு இணைத்தனர். ஒரே நகரில், ஒரே பஸ்ஸில் பயணம் செய்த தமிழ் இளைஞனின் காதில் இவை விழாமலிருக்குமா? அவன் கேட்டான், தன் மொழியில் பாடினான். இதில் வெட்கப்படுவதற்கு என்ன இருக்கிறது?

வெட்கம் உண்டு என்கிறார் பண்டிதர். கிற்றார் அந்நிய வாத்தியம், ஆகவே அந்த இசை நம்முடையதன்று என்பது அவர் வாதம். நன்று. கச்சேரி மேடையில் பாடகரின் பக்கத்திலே மார்பில் சாய்த்து வாசிக்கப்படுகிறதே வயலின், அது எந்த ஊர் வாத்தியம்? ஐரோப்பாவிலிருந்து வந்த அதனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசாமி தீட்சிதர் போன்றோர் நம் இசைக்கு வசப்படுத்தினர். இன்று வயலின் இல்லாத கச்சேரியைக் காண்பதே அரிது. மேட்டுக்குடியின் கையில் ஏறிய அந்நிய வாத்தியம் மரபாகிவிடுகிறது. தெருப் பையனின் கையில் ஏறிய அந்நிய வாத்தியம் சீரழிவாகிவிடுகிறது. இந்தத் தராசில் எடைக்கல் பொய்க்கல் என்கிறோம்.

அடுத்த குற்றச்சாட்டு மொழி பற்றியது. கொச்சைத் தமிழில் பாடுகிறார்களாம்! இந்தக் குரல் நமக்குப் புதிதன்று. 1960களின் தொடக்கத்தில் முற்போக்கு எழுத்தாளர் தம் கதைகளிலே மக்களின் பேச்சு மொழியைக் கையாண்டபோது, அது இழிசனர் வழக்கு என்று பண்டிதர் கூச்சலிட்டனர். மரபுப் போராட்டம் எனப் பெயர்பெற்ற அந்த வாதத்தில் கைலாசபதியும் சிவத்தம்பியும் அவர்களோடு நின்றோரும் உழைக்கும் மக்களின் நாவுக்கு இலக்கியத்தில் உரிமை உண்டென்று நிலைநாட்டினர். கதையில் வென்ற அந்த நியாயம் பாட்டில் மட்டும் செல்லாததாவது எப்படி? நாவலில் மண்வாசனை எனப் போற்றப்படும் சொல், கிற்றாரோடு சேர்ந்து ஒலித்ததும் கொச்சையாகிவிடுமா?

மூன்றாவது குற்றச்சாட்டு நம் முகாமுக்குள்ளிருந்தே வருவது. ஆகவே அதற்கு விரிவாக விடை கூற வேண்டும். பொப், றொக் என்பனவெல்லாம் ஏகாதிபத்தியத்தின் கலாசாரச் சரக்கு, இளைஞரை மயக்கும் அபின் என்று கூறும் தோழர்கள் உளர். வர்த்தக இசையின் பின்னால் மூலதனம் நிற்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கருவி ஒன்று, அதனை இயக்கும் கை வேறு. கொழும்பில் பொப்பிசை மேடையேறிய அதே ஆண்டுகளில், சிலி நாட்டிலே விக்டர் ஹாரா என்ற கலைஞர் கிற்றாரோடு தொழிலாளர் நடுவே பாடிக்கொண்டிருந்தார். 1973 செப்டம்பரில் இராணுவச் சதியாளர் அவரைக் கைது செய்து கொன்றனர். மயக்கும் அபினைப் பாடியவரையா கொன்றார்கள்? தமிழகத்திலும் சான்று உண்டு. பா. இரஞ்சித்தின் நீலம் அமைப்பும் இசையமைப்பாளர் தென்மாவும் உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழு 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறியது. கானாவும் றொக்கும் ராப்பும் ஒன்றுகூடிச் சாதியைச் சாடின. அக்குழுவின் பாடகி இசைவாணி, சபரிமலை தொடர்பான பாடலுக்காக 2024 நவம்பரில் வசைகளையும் மிரட்டல்களையும் எதிர்கொண்டார். பாட்டு பல்லில்லாததாக இருந்தால் அதன் மேல் இத்தனை சினம் ஏன்?

எனினும் நேர்மையோடு பேசுவோம். ஈழத்துப் பொப்பிசை விக்டர் ஹாராவை உருவாக்கவில்லை. அதன் பாட்டுக்களிற் பல மாமியாரையும் குடிகாரனையும் வைத்துச் சிரிப்பு மூட்டுவதோடு நின்றன. பெண்ணைக் கேலிப் பொருளாக்கியவையும் உண்டு. இசையமைப்பிலும் ஒரே தாளம் திரும்பத் திரும்ப வந்தது. ஆனால் ஏன் அப்படி என்று கேட்காமல் தீர்ப்புக் கூறுவது விமர்சனமாகாது. மேடையில் கோமாளியின் இடத்தை மட்டும் கொடுத்துவிட்டு, கோமாளித்தனம் தவிர அவனுக்கு வேறெதுவும் தெரியாது என்பது எந்த ஊர் நியாயம்?

இந்த ஒதுக்கலுக்கு ஒரு வர்க்க முகம் இருக்கிறது. வெள்ளவத்தை, காலி வீதியின் இரு மருங்கிலும் உத்தியோகத்தரும் வர்த்தகரும் குடியேறிய இடம். அங்கே 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. இராமகிருஷ்ண மிஷன் மண்டபம் இருக்கிறது. அரங்கேற்றங்களுக்கும் கச்சேரிகளுக்கும் அங்கே என்றும் குறைவில்லை. கொட்டாஞ்சேனையோ துறைமுகத்தின் நிழலில் வளர்ந்தது. தொழிலாளியும் கடைச் சிப்பந்தியும் மலையகத்திலிருந்து வேலை தேடி வந்த இளைஞனும் அங்கே ஒண்டுக்குடித்தனம் செய்தனர். புனித லூசியாள் பேராலயத்தின் பாடற்குழு, ஜிந்துப்பிட்டி முருகன் கோயில் மேளம், தெருவிலே பாண்ட் வாத்தியம், பக்கத்து வீட்டுச் சிங்களப் பைலா ஆகிய யாவும் அந்த இளைஞனின் சங்கீதப் பள்ளிகள். 1883ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று இதே கொட்டாஞ்சேனையில் மேளம் முழங்கச் சென்ற பௌத்த ஊர்வலத்தை முன்னிட்டே கலவரம் மூண்டது. எது இசை, எது இரைச்சல் என்ற வழக்கு இந்நகரில் ஒருபோதும் காதின் வழக்காக மட்டும் இருந்ததில்லை. இன்றும் அந்த வழக்கில் வெள்ளவத்தையின் வரவேற்பறை நீதிபதியாகவும், கொட்டாஞ்சேனையின் ஒழுங்கை குற்றவாளியாகவும் நிற்கின்றன.

இனி வானொலிக்கு வருவோம். 1952இல் இந்தியாவின் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாடல்களைப் பெரும்பாலும் விலக்கினார். நேயர்கள் ரேடியோ சிலோன் பக்கம் திரும்பினர். கொழும்பிலிருந்து எஸ்.பி. மயில்வாகனத்தின் குரல் தமிழகத்து வீடுகளிலெல்லாம் ஒலித்தது. பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையின் உட்பொருள் என்ன? தமிழகத்தின் பாட்டைத் தமிழகத்துக்கே திருப்பி அனுப்பி, தமிழகத்து விளம்பரப் பணத்தைப் பெறும் வியாபாரம் அது. எஸ்.கே. பரராஜசிங்கம் போன்றோர் வானொலிக்குள்ளிருந்தே ஈழத்து மெல்லிசைக்காக உழைத்தனர். எனினும் உள்ளூர்ப் பாட்டுக்கு வாய்த்தது திண்ணை இடமே. இந்தியாவில் விவித் பாரதி 1967இல் விளம்பரங்களை ஏற்கத் தொடங்கியதும் அந்த வியாபாரமும் தேய்ந்தது. கடன் வாங்கிய குரலில் கட்டிய மாளிகைக்கு அத்திவாரம் இருக்கவில்லை.

1970க்கும் 1977க்கும் இடையே நிலைமை சற்று மாறியது. அரசின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் தமிழகத்துச் சஞ்சிகைகளின் வெள்ளம் வற்றியது. உடனே வீரகேசரிப் பிரசுரங்கள் வந்தன. ஈழத்துத் தமிழ்ப் படங்கள் வந்தன. பொப்பிசையும் உச்சத்தை எட்டியது. செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி 1978இல் வெளியான 'வாடைக்காற்று' படத்தில் மனோகரனே நடித்தார். அந்த ஆண்டுகளின் பஞ்சத்தை மலையகத் தொழிலாளி மறக்க மாட்டான். கதவடைப்பைப் பொற்காலம் என்று நாமும் பாடப்போவதில்லை. ஆனால் ஓர் உண்மை புலனாயிற்று. சிறிது இடம் கிடைத்தால் இந்த மண்ணின் கலைஞன் எழுந்து நிற்பான். அவனிடம் குறைந்தது திறமை அல்ல, இடமே.

1977இன் திறந்த பொருளாதாரத்தோடு அந்த இடம் பறிபோயிற்று. ஒலிநாடாக்கள் கப்பல் கப்பலாக வந்திறங்கின. அதன்பின் வந்தது 1983 ஜூலை. வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் எரிந்தன. ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ தீக்கிரையாகி, படச்சுருள்கள் சாம்பலாயின. திரைப்பட இயக்குநர் கே. வெங்கட் கொல்லப்பட்டார். சிங்களச் சினிமாவின் இசையை வளர்த்ததில் ஆர். முத்துசாமி போன்ற தமிழருக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை எரித்தவர்கள் எண்ணவில்லை. கலைஞர் சிதறினர். நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவில் குடியேறினார். மனோகரன் தமிழகம் சென்று திரைப்படங்களில் நடித்தார். 2018 ஜனவரியில் சென்னையில் மறைந்தார். அவர் பாடிய, சிங்களமும் தமிழும் கலந்த 'சுராங்கனி', 1977இலேயே 'அவர் எனக்கே சொந்தம்' என்ற தமிழகப் படத்தில் இடம்பெற்றுக் கடல் கடந்து பரவியது. அது எந்த ஊர்ப் பாட்டு, யார் பாடிய பாட்டு என்று அறியாமலே இன்று பாடுவோர் பல்லாயிரவர்.

போர்க்காலத்தில் இந்நகரின் தமிழ் இளைஞன் கிற்றாரைச் சுமந்து இரவில் வீடு திரும்புவதே துணிச்சலான செயலாயிற்று. 2007 ஜூன் 7ஆம் நாள் அதிகாலையில் கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரை விட்டு வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்தது. அறை எடுத்துத் தங்கவே உரிமையற்றவன் அறை எடுத்து ஒத்திகை பார்ப்பது எங்ஙனம்? ஒரு வாத்தியக் குழு உருவாக ஐந்து திறமைசாலிகள் மட்டும் போதாது. மாலைதோறும் அவர்கள் அச்சமின்றிக் கூடுவதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் தீயும் சோதனைச் சாவடியும் சுற்றிவளைப்பும் பறித்தன.

போர் முடிந்தது 2009இல். தனியார் தமிழ் வானொலிகள் அதற்குப் பத்தாண்டுக்கு முன்பே வந்துவிட்டன. அவை என்ன செய்தன? பெரும்பாலும் கோடம்பாக்கத்தின் புதுச் சரக்கையே விற்றன. கிரிஷான் மகேசன் போன்ற கொழும்பு இளைஞர் தமிழ் ராப்போடு வந்தபோதும் அவர்களைத் தொடர்ந்து தாங்கி நிற்க ஒரு நிறுவனமும் எழவில்லை. இன்று வெள்ளவத்தை மாடிவீடுகளில் கணினியைக் கொண்டே பாட்டமைக்கும் பிள்ளைகள் பலர் இருக்கின்றனர். அவர்களுக்கு முன்னோர் உண்டென்பதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒவ்வொருவரும் தாமே முதல்வர் என்று எண்ணித் தொடங்குகின்றனர். ஒவ்வொருவரும் தனியாகக் களைத்து ஓய்கின்றனர்.

ஆகவே நாம் கோருவது இரக்கம் அல்ல. நான்கு காரியங்களைக் கோருகிறோம்.

இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் களஞ்சியத்தில் உள்ள ஈழத்துத் தமிழ்ப் பாட்டுக்களைக் கணினிப் பதிவாக்கி, பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களோடு மாணவருக்குத் திறந்துவிட வேண்டும். தமிழ்ச் சேவைகளில் உள்ளூர்ப் பாட்டுக்கு நிச்சயமான பங்கு ஒதுக்க வேண்டும். கனடா 1971இல் தன் வானொலிகளில் 30 சதவீதம் கனேடிய இசை ஒலிக்க வேண்டுமென விதித்தது. பக்கத்திலிருந்த அமெரிக்கச் சந்தை தன்னை விழுங்காதிருக்க ஒரு முதலாளித்துவ நாடே செய்த காரியம் இது. நம்மால் ஏன் முடியாது? பாடசாலைகளில் தமிழ்மொழி மாணவனுக்குக் கர்நாடக இசை, சிங்களமொழி மாணவனுக்குக் கீழைத்தேய இசை என்று பிரித்து வைத்திருக்கும் ஏற்பாட்டில், இருவரும் சேர்ந்து கற்கக்கூடிய பைலாவுக்கும் கூத்துக்கும் பொப்பிசைக்கும் உரிய இடம் வேண்டும். நமது சங்கங்களும் கல்லூரிகளும் அரங்கேற்றங்களுக்குத் திறக்கும் மண்டபக் கதவுகளை, மாதத்தில் ஒரு மாலையேனும், காசில்லாத இளைஞர் குழுக்களுக்கும் திறக்க வேண்டும்.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனை மேடையில் கூத்தை ஏற்றும்வரை, அதுவும் படிப்பறிவில்லாதவரின் ஆட்டம் என்றே இகழப்பட்டது. இன்று அதனை ஆராய்ந்து பட்டம் பெறுகிறோம். ஒரு கலை மதிப்புப் பெறுவதற்கு அதனை ஆக்கியவர் இறந்து அரை நூற்றாண்டு ஆக வேண்டும் என்ற விதி எங்கும் எழுதப்படவில்லை. அடுத்த முறை உங்கள் வகுப்பின் பின்வரிசையில் மேசையைத் தட்டித் தாளம் போடும் பையனைக் கண்டால், பிரம்பை எடுக்குமுன் ஒரு கணம் செவி கொடுங்கள். அவன் தட்டுவது யாருடைய தாளம் என்று கேளுங்கள். அவனுக்கே அது தெரியாதிருந்தால், சொல்லிக் கொடுப்பது உங்கள் கடமை.