வால் முளைப்பது வேறு, வால் அமைவது வேறு

பல்லியின் வால் அறுந்தால் மீண்டும் முளைக்கும் என்பதைப் பாட்டியும் சொல்வாள், பாடநூலும் சொல்லும். சலமாண்டரின் வாலும் அவ்வாறே முளைக்கும் என்று அதே வரியிற் சேர்த்தெழுதி, இரண்டுக்கும் ‘மீளுருவாக்கம்’ என ஒரே பெயரிட்டு, அடுத்த தலைப்புக்குச் சென்றுவிடுகிறது நமது விலங்கியற் கல்வி. இதனைச் சிறு பிழையெனக் கொள்வதற்கில்லை. இத்துறையின் மையக் கேள்வியே அவ்வொரு வரியிற் புதைக்கப்பட்டுவிடுகிறது.

மன்னார்க் கரையில், சிலாவத்துறைக்குத் தெற்கே, கொண்டச்சியில் வாழும் மாணவனொருவன் தன் ஊரிற் சலமாண்டரைக் காண வழியில்லை. இலங்கையில் அவ்வினம் கிடையாது. இந்தியாவிலும் டார்ஜிலிங் முதலான இமயச் சாரல்களிலேயே உண்டு. ஆனால் அவன் வீட்டுச் சுவரிலே வாலிழந்து வால் பெற்ற பல்லிகள் உண்டு. அவற்றைக் கூர்ந்து நோக்குவானாயின் பாடநூல் வரி பொய்த்துப்போகும். பழைய வாலில் ஒழுங்குற நின்ற பட்டைகளும் முண்டுகளும் புதிய வாலில் அவ்வாறு அமைவதில்லை. உள்ளே முள்ளென்புகளுக்குப் பதிலாக ஒரு நீண்ட கசியிழையக் குழாயே காணப்படும். மூலவாலின் முள்ளென்புகளில் இருந்த முறிதளங்கள் இக்குழாயில் இல்லை; ஆதலின் மற்றொரு முறை வாலைக் கழற்ற நேரின், எஞ்சிய மூலவாற் பகுதியிலேதான் பல்லி அதனை முறிக்க வேண்டும். முளைத்தது வால்போன்றதொரு பொருள், வால் அமையவில்லை.

சலமாண்டரின் நிலை வேறு. 1768இல் இத்தாலியரான ஸ்பலன்சானி இதனை எடுத்துரைத்த நாள்தொட்டு அறிஞரை மலைக்கவைத்தது வளர்ச்சியின் விரைவன்று, அமைவின் ஒழுங்கேயாம். முண்ணாண், தசைத் துண்டங்கள், முள்ளென்புகள் ஆகிய யாவும் தத்தம் இடத்தில், தத்தம் வரிசையில் மீள்கின்றன. மெக்சிக்கோ நாட்டு அக்சலோட்டிலில் நிகழ்ந்த ஆய்வுகள் இதன் காரணத்தைப் பெரிதும் துலக்கியுள்ளன. வெட்டுவாயினின்று நீளும் முண்ணாண் குழாயின் கலங்கள் முதுகுப்புறம் எது, பக்கம் எது, வயிற்றுப்புறம் எது என்னும் அடையாளத்தை இழப்பதில்லை. வயிற்றுப்புறக் கலங்கள் மட்டுமே ‘ஹெட்ஜ்ஹொக்’ எனும் சைகைப் புரதத்தைச் சுரக்கின்றன. கசியிழையமும் அப்புறத்திலேயே முதலில் உருவாகிறது. பல்லியிலோ அக்குழாய் முழுவதும் வயிற்றுப்புற இயல்பையே மேற்கொள்கிறது. நாற்புறமும் ஒரே சைகை. ஆகவே நாற்புறமும் கசியிழையம். குழாய் பிறந்த கதை இதுதான்.

வளர்ச்சியைத் தூண்டினாற் போதும், மனிதருக்கும் கைகால் முளைக்கும் என்று எழுதுவோர் உளர். பல்லிக்கு வளர்ச்சியில் யாதொரு குறையும் இல்லை என்பதை அவர்கள் எண்ணிப்பார்ப்பதில்லை. அவர்களுக்கு வலுவான மறுப்பு ஒடிசாவிலிருந்து வந்தது. புவனேசுவரத்து உத்கல் பல்கலைக்கழகத்தில் பிரியம்வதா மொகந்தி ஹெஜ்மாதியும் அவருடன் ஆய்ந்தோரும், ‘ஊப்பரோடன் சிஸ்டோமா’ என்னும் குண்டுத் தவளையின் வாற்பேய்களில் வாலைத் துண்டித்து, அவற்றை விற்றமின் ஏ கலந்த நீரில் இட்டனர். வாலின் வெட்டுவாயிற் கால்கள் முளைத்தன! 1992இல் ‘நேச்சர்’ இதழ் இதனை வெளியிட்டது. வாலின் அடிக்கட்டை காலைத் தருமாயின், வளர்ச்சி என்ற சொல் எதனை விளக்குகிறது? ‘இங்கு யாது அமைய வேண்டும்’ என்ற தகவல் கலங்களுக்கு எங்ஙனம் கிட்டுகிறது என்பதன்றோ கேள்வி? இதற்கும் முன்னரே, 1978இல், இராசத்தான் பல்கலைக்கழகத்து நியாசியும் சக்சேனாவும் தேரை வாற்பேயின் கால் மீளுருவாக்கத்தை விற்றமின் ஏ குலைப்பதைக் காட்டியிருந்தனர். இங்கிலாந்தில் மேடன் அக்சலோட்டிலைக் கொண்டு அவ்வழியிற் சென்றது 1982இல். நமது விரிவுரைகளில் இறுதிப் பெயர் மட்டும் இடம்பெறுவது தற்செயலாக இருக்கலாம். மாணவர் அதனைத் தற்செயலெனக் கற்பதில்லை.

அக்குண்டுத் தவளை தென்னிந்தியாவிலும் இலங்கையின் வறண்ட தாழ்நிலங்களிலும் வாழ்வது. மண்ணுள் மறைந்திருந்து மழைக்கு வெளிப்பட்டுத் தேங்குநீரில் முட்டையிடுவது. கொண்டச்சியும் அத்தகைய வறண்ட நிலமே. மாரியில் மட்டும் நிரம்பும் குட்டைகளைப் பயனற்ற பள்ளம் என்று மூடுவோருக்கு அதனுள் நீந்துவது என்னவென்று சொல்ல நம் விலங்கியலாளர் முன்வந்ததுண்டா?

‘ஆய்வுகூடமில்லை, சலமாண்டருமில்லை, நாம் என் செய்வது?’ என்பர். இவ்விடத்து மண்ணுக்கு அறிவியல் புதிதன்று. கொண்டச்சிக் குடாவின் முத்துப்பார்கள் நலிந்தபோது, 1902இல் ஹேர்ட்மன் என்னும் விலங்கியற் பேராசிரியர் இங்கிலாந்திலிருந்து அழைக்கப்பட்டார். அவருடைய அறிக்கைகளை 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக இலண்டன் வேத்தியற் கழகம் வெளியிட்டது. நாடாப்புழுவின் குடம்பியே முத்தின் கரு என்ற அவர் தரப்புக் கொள்கை பின்னர் கைவிடப்பட்டதெனினும், கடலடியின் சிற்றுயிர்கள் பலவும் அதனால் ஏட்டில் ஏறின. முத்து வருவாய் தந்தது, அறிவியலும் பின்தொடர்ந்தது. சுவர்ப்பல்லி வருவாய் தராது. நம்மவர் அளவுகோலும் குடியேற்ற அரசின் அளவுகோலும் இதில் வேறுபடாமை வியப்புக்குரியது.

2021இல் வெளிவந்த ஆய்வொன்று அமெரிக்காவில் லொசிட்டோவின் குழுவினர் செய்தது. பல்லி முளையத்தின் நரம்பு மூலக்கலங்கள், அச்சைகைக்குச் செவிசாயாதவாறு பரம்பரையலகு திருத்தப்பட்டு, வெட்டிய வாலுள் நடப்பட்டன. புதிய வால் முதுகுப்புறமும் வயிற்றுப்புறமும் பிரிந்தறியத்தக்கதாக அமைந்தது. கசியிழையம் நாற்புறமும் சூழவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்டது ஆணின்றிப் பெண்ணே பெருகும் ஒரு பல்லி இனம். அவ்வினம் இலங்கையிலும் உண்டு. ‘வால் மீண்டும் வளரும் விலங்குகள் இரண்டு தருக’ என்ற வினாவுக்கு அதன் பெயரை எழுதும் மாணவனுக்கு இன்றும் முழுப்புள்ளி கிடைக்கும்.